சோனாவுல்லா ஃப்ளாஷ் போடுவதில்லை

நானூறு வருஷத்துக்கு முன் முகலாய ராஜா இந்தத் தோட்டத்தில் சினார் மரங்களை நட்டதே, பிற்பாடு சோனாவுல்லா ஃபோட்டோ எடுக்க வேண்டுமே என்றுதான். இலையெல்லாம் செம்பு நிறமாகிவிட்டால், சாயங்காலச் சூரியன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தால் ஏரிக்கு அக்கரையில் இறங்கும்.

ஐம்பத்திரண்டு வயது. மற்ற ஃபோட்டோக்காரர்கள் டூரிஸ்டுகளைத் துரத்திக்கொண்டிருக்க, இவர் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியை உப்புத் தேநீரில் தோய்த்துத் தின்பார். "உச்சி வெயில்ல எடுத்தா பொம்பளைக்கும் மீசை முளைக்கும்," என்பார். நாலு மணிக்குத்தான் கை கேமராவுக்குப் போகும்.

அன்று ஹாஜ்ரா தன் மகன் இஷ்ஃபாக்கைக் கூட்டிவந்திருந்தாள். விடிந்தால் அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். மூன்று வருஷம். அவள் கேட்டது மகனோடு ஒரே ஒரு படம். கூட வந்த கடைசி மகள் முபீனா, அதாவது இதை எழுதுகிறவள், "என்னை எடுத்தா உங்க கேமரா செத்துடும் சாச்சா," என்று ஒதுங்கிக்கொண்டாள்.

சோனாவுல்லா தேநீர்க் கோப்பையைக் கழுவித் திரும்புவதற்குள் கேமராவைக் காணோம்.

எல்லோரும் தேடினார்கள். முபீனா எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினாள். சூரியன் மரத்தின் முட்டிவரை இறங்கிவிட்டது. ஹாஜ்ரா மகளிடம் வந்து மெதுவாக, "எடுத்திருந்தா குடுத்துடும்மா. வெளிச்சம் போகுது," என்றாள்.

முபீனா தன் கம்பளி அங்கிக்குள் கைவிட்டாள். உள்ளே குளிருக்கு வைத்திருந்த கங்ரி, அதாவது கூடைக்குள் நெருப்புச் சட்டி, அதன்மேல் கேமரா. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தது.

இஷ்ஃபாக் சால்வையால் துடைக்கப் போனான்.

"கைய வைக்காத தம்பி. துடைக்கத் துடைக்க மூடும். தானாத் தெளியட்டும்." சோனாவுல்லா கேமராவைக் காற்றுக்குக் காட்டி ஒரு கல்மேல் வைத்தார். யாரையும் திட்டவில்லை. அது தெளிவதற்குள் சூரியன் இறங்கிவிட்டது.

"போச்சா?" என்றாள் ஹாஜ்ரா.

"சூரியன் போச்சு. வெளிச்சம் இருக்கு."

"ஃப்ளாஷ் போட்டுடுங்க சாச்சா," என்றான் இஷ்ஃபாக்.

"போட்டா உங்கம்மா திருட்டுல பிடிபட்ட மாதிரி முழிப்பாங்க. பரவாயில்லையா?"

தாயையும் மகனையும் ஏரியைப் பார்த்து உட்காரவைத்தார். அங்கேதான் வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. ரொட்டி சுற்றிவந்த வெள்ளைத் துணியை முபீனாவிடம் எறிந்தார். "தாழப் பிடி. உங்கம்மா முகத்துல வெளிச்சம் ஏறணும்." பிறகு முதுகை மரத்தில் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டார்.

"மூச்சை விட்டுட்டு அப்படியே இருங்க."

ஒரு சொடுக்கு, நிதானமாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

ஹாஜ்ரா குனிந்து கேமராத் திரையில் படத்தைப் பார்த்தாள். மகனின் சட்டைக்கையைத் தான் இறுக்கிப் பிடித்திருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக, துளி நடுக்கமில்லாமல் விழுந்திருந்தன.

சோனாவுல்லா முபீனாவை மட்டும் கூப்பிட்டு அடுத்த படத்தைக் காட்டினார். அதில் அவள்தான்; துணி மடியில் கிடக்க, அண்ணனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். துணியிலிருந்து ஏறிய வெளிச்சத்தில் கன்னத்து ஈரம் பளிச்சென்று தெரிந்தது.

மேட்டில் பெண்கள் குளிர்காலக் கரிக்காகச் சினார் இலைகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். முபீனா அந்தப் பக்கம் கைகாட்டினாள். "புகை சாச்சா. கண்ணு எரியுது."

அவரும் திரும்பிப் பார்த்தார்.

"புகை மலைப் பக்கம்ல போகுது, புள்ள."