விஷத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

சிறுநீரகத்தையும் விஷத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் இன்று காலை எங்கள் மலை ஊரான வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி பழுது. விசாரிக்கத்தான் வந்தார்.

"மருந்து ஒழுங்கா எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"வாராவாரம் அடிக்கறனுங்க" என்றார் நம் ஆள்.

அந்தம்மா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க கண்ணு, குடிக்கறதில்லீங்க. மரவள்ளிக்கு அடிக்கற பூச்சிமருந்தைச் சொல்றாரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது மருந்தில்லீங்கக்கா, விஷம். அது கிட்னியை என்ன பண்ணுதுன்னுதான் தேடிட்டிருக்கேன். பதில் கிடைக்க நாளாகும். அதுவரைக்கும் அண்ணன் அதைத் தொடவே வேண்டாம்."

மதியமே பிரிக்காத பாட்டிலோடு, அதை வாங்கிய பூச்சிமருந்துக் கடை இருக்கும் சோளக்காடு ஊருக்குப் பஸ் ஏறினேன். கடை நிறைய ஆட்கள்.

"தம்பி, இந்த விஷத்தைத் திருப்பி எடுத்துக்க."

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "ஏனுங்கக்கா, மெதுவாப் பேசுங்க. மருந்துன்னு சொல்லுங்க. யாவாரம் கெட்டுப்போகுமுங்க."

"மருந்துதானே? நீ ஒரு மூடி குடிச்சுக் காட்டு சாமி, நான் பேசாம எடுத்துட்டுப் போயிடறேன்."

கடையே சிரித்தது. அவர் மட்டும் விடவில்லை. "அடிக்காட்டி மாவுப்பூச்சி மரவள்ளியைத் தின்னுபோடுமுங்க!"

"தின்னுட்டுப் போகட்டும். என் ஊட்டுக்காரரை விட்டுவெச்சாச் சரி."

பாட்டிலை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி என் தலை தெரிந்தாலே அவர் ஷட்டரை இறக்குவார்.

நீங்கள் உங்கள் ஊர்க் கடையில் இதை என்ன பேர் சொல்லிக் கேட்கிறீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள்.