தேன்பருந்து வந்த காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிவனொளிபாதமலை சீசன் நேரம். மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் யாத்திரை பஸ்கள் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். பிள்ளை மடுவத்துக்கு நான் பொறுப்பு. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நானும் உதவிக்கு இருக்கும் அக்காவும் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வோம்.

எனக்குக் குருவி பார்க்கிற பைத்தியம் உண்டு. பைத்தியம் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். பறவை பார்க்கிறவர்கள் என்றால் தொப்பி, பைனாகுலர், காட்டுக்குள் நடை என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு அதற்கெல்லாம் ஏது வழி? பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது? மடுவத்து வாசலில் நின்றபடி கண்ணுக்கு எட்டியதைப் பார்ப்பேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி வாங்கித் தந்த போனில் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மலைநாட்டில் பறவை பார்க்கிறவர்களின் குழு அது. சிங்களவர்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். என் படத்தில் குருவி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அதனால் எனக்குப் 'புள்ளி டீச்சர்' என்று பட்டப்பெயர். கிண்டல் செய்தாலும் யாராவது ஒருவர் அந்தப் புள்ளிக்குப் பெயர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது கினிகத்தேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவராக இருக்கும். அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

எங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பொறுப்பான கங்காணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கிய மனிதர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய மகளும் அதே மலையில்தான் கொழுந்து எடுத்தாள். மகள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும் என்பதால், அவளுடைய பிள்ளையைத் தினமும் காலையில் அவரே தூக்கிக்கொண்டு வந்து மடுவத்தில் விடுவார். பேரன் அழுகையை நிறுத்தும் வரை வாசலை விட்டு நகரமாட்டார். மலையில் அத்தனை பேரை அதட்டுகிற ஆள், பத்து மாதப் பிள்ளைக்கு முன்னால் அசடு மாதிரி நிற்பதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவரும் விடமாட்டார். "டீச்சரம்மா, உங்க குருவியெல்லாம் ஒரு நாளைக்கு வந்து கொழுந்து எடுத்துக் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

மடுவத்து வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் எங்கள் மணி. பால் கொடுக்கிற நேரம் வந்தால் மெதுவாக, விட்டுவிட்டு அடிப்போம். தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நேரமில்லாத நேரத்தில் விடாமல் அடித்தால் ஏதோ ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று அர்த்தம். எந்தப் பிள்ளை என்று மணிச் சத்தத்தில் தெரியாது. அதனால் எல்லாத் தாய்மாரும் ஓடி வருவார்கள். அப்படி அடிக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்ததே இல்லை. வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டுதான் தினமும் கதவைத் திறப்பேன்.

அன்றைக்கு நல்ல வெயில். எதிரே ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலையின் நடுவில் டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம் நிற்கிறது. அதன் உச்சிக்குப் பக்கத்துக் கிளையில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பருந்து வந்து உட்கார்ந்தது. உடம்பு பெரிதாகவும் தலை மட்டும் புறாவுக்கு இருப்பதுபோலச் சின்னதாகவும் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தத் தடவை படமும் புள்ளியாக இல்லாமல் ஓரளவு தெளிவாக விழுந்தது. 'இது என்ன பருந்து?' என்று கேட்டுக் குழுவில் போட்டுவிட்டு, அழுத ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பாராட்டு வரும் என்று காத்திருந்தால், போன் அடித்தது. கினிகத்தேனைக்காரர். குழுவில் என் நம்பரைப் பார்த்து எடுத்திருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை; தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல 'நங்கி' என்று சிங்களத்தில் ஆரம்பித்தார்.

"நங்கி, அது தேன் கூட்டை ஒடைச்சுத் தின்னுற பருந்து. சும்மா வராது. அந்த மரத்துல கூடு இருக்கா, பாருங்க. கீழ ஆள் இருக்கா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பருந்து உட்கார்ந்திருந்த கிளைக்குக் கீழே, தண்டின் பின்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று முறத்தளவுக்குத் தொங்கியது. பருந்தையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது நிழல் மாதிரிதான் பட்டிருந்தது. மலைத்தேனீக் கூடு. எங்கள் பக்கத்தில் அதையும் குளவி என்றுதான் சொல்வோம். குளவி கொட்டிச் செத்தவர் இல்லாத தோட்டத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அந்த மரத்துக்கு நேர் கீழேதான் எங்கள் தாய்மார் நின்றுகொண்டிருந்தார்கள்.

உடனே கங்காணி அண்ணனுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"கூடு எத்தனையோ கெடக்கு டீச்சரம்மா. அது பாட்டுக்கு இருக்கு, நாங்க பாட்டுக்கு எடுக்குறோம். பருந்து ஒக்காந்திருக்குன்னு ஆளுங்கள எறக்கினா மேல இருக்குறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? இந்த வரிச் செடி முடியப் போகுது. முடிச்சிட்டு எறங்கிடுறோம்மா."

அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் கூட்டுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவர்கள் அவர்கள். எடை குறைந்தால் அந்தப் பெண்களுக்குத்தான் அரைப்பேர் விழும், அரைநாள் சம்பளம் போய்விடும். அவர் அதைத்தான் நினைத்திருப்பார். நான் மறுபடியும் எடுத்தபோது லைன் கிடைக்கவில்லை. அந்த மலையில் சிக்னல் அப்படித்தான்.

பருந்து கிளையை விட்டு எழும்பி மரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் ஓடையைக் கடந்து மேலே ஏற எனக்கு நேரம் போதாது. கத்தினால் கேட்காது. என் கண் அந்தத் தண்டவாளத் துண்டில் போய் நின்றது. உள்ளே பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள். ஒரு தாயிடம் போய் உன் பிள்ளைக்கு ஆபத்து என்று பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம்! பருந்து சும்மா பறந்து போய்விட்டால், அதற்குப் பிறகு எவள் என்னை நம்பிப் பிள்ளையைத் தருவாள்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தோளில் இருந்த பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரும்புக் கம்பியை எடுத்து விடாமல் அடித்தேன்.

மலை அப்படியே அசைந்தது. முதலில் தாய்மார்கள் கொழுந்துப் பையைப் போட்டது போட்டபடி செடிகளுக்குள் விழுந்தெழுந்து இறங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். யாரைக் கேட்டாலும் அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று ஒன்று மடுவத்தில் இருக்கும். கங்காணி அண்ணனும் ஓடி வந்தார். குடையை வீசிவிட்டு அந்த வயதில் அவர் ஓடி வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். மேலே ஒரே ஒரு பெரியம்மா மட்டும் மிச்சம். பென்ஷன் வயதைத் தாண்டியும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வருகிறவர். முழங்கால் வலி. அவரால் மெதுவாகத்தான் இறங்க முடியும்.

முதலில் வந்து சேர்ந்தவள் கங்காணி அண்ணனின் மகள். பிள்ளையை அக்காவின் கையிலிருந்து பிடுங்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"புள்ள நல்லாத்தானே இருக்கான்? எதுக்கு டீச்சர் அப்புடி அடிச்சீங்க? எங்கள உசுரோட கொல்லுறீங்களா?"

நான் மரத்தை நோக்கிக் கையை நீட்டினேன். பருந்து கூட்டின் மேல் மோதியதை எல்லோரும் பார்த்தோம். விலகிப் போய் மறுபடியும் மோதியது. கறுப்பாக ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது. மரத்தைச் சுற்றிப் புகை எழும்பியது மாதிரி இருந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சற்று முன்பு இவர்கள் நின்ற செடிகளின் மேல் அந்தப் புகை இறங்கியது.

கங்காணி அண்ணன் அப்போது ஓடைப் பாலத்துக்குக் கிட்ட வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் ஓடினால் மடுவம். அவர் நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்தார். மேலே அந்தப் பெரியம்மா கையை வீசிக்கொண்டு நிற்பது எங்களுக்கும் தெரிந்தது. ஒரு தடவை மடுவத்தைப் பார்த்தார். பிறகு வந்த வழியிலேயே திரும்பி மேலே ஓடினார். "அப்பா!" என்று மகள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே பாய்ந்தவளை நாலு பேர் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அதற்குள் குளவிகள் ஓடையைத் தாண்டிவிட்டன. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தோம். கண்ணாடியில் மழைக்கல் விழுவதுபோல வந்து மோதின. உள்ளே அத்தனை பெண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பயந்து அழுத பிள்ளைகளுக்குத் தாய்மார் அப்படியே உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். அந்த அறையில் ஒரு தாய்கூடக் குறையவில்லை.

குளவி அடங்கிய பிறகு தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் புகை போட்டுக்கொண்டு போய் இரண்டு பேரையும் தூக்கி வந்தார்கள். அண்ணன் எந்த வெயிலிலும் போட்டிருக்கும் தன்னுடைய மழைக் கோட்டைக் கழற்றிப் பெரியம்மாவை மூடி, அதன் மேல் தானும் கவிழ்ந்து படுத்திருந்தாராம். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சாவு வீட்டுக்குக் கினிகத்தேனைக்காரர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையோடு, பஸ்ஸில், வழி கேட்டுக் கேட்டுத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருக்கிறார். முன்பின் பார்க்காத மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்ததில் படத்தைத் தாமதமாகத்தான் பார்த்தாராம். முன்னமே பார்த்திருந்தால் எல்லோரும் நிதானமாக நடந்தே மலையிலிருந்து இறங்கியிருப்பார்களே என்றார். அவரைத் தேற்றுகிற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. எங்கேயோ இருக்கும் ஒரு தோட்டத்துப் பெண்களுக்காகக் கடை வேலையைப் போட்டுவிட்டுப் போன் எடுத்த அந்த மனிதரை நான் உயிருள்ள வரை மறக்கமாட்டேன். தோட்டத்துப் பையன்கள் பருந்தை அடிக்கக் கிளம்பியபோது நான்தான் தடுத்தேன். அது தன் வயிற்றுப்பாட்டைப் பார்த்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை.

எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதுவரை நானும் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வீங்கிய முகத்தோடு அவர் நடந்ததைச் சொன்னார். அண்ணன் அவர் மேல் கவிழ்ந்திருந்தபோது வலிக்கிறது என்று சொல்லவில்லையாம். "பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு, மணி அடிச்சாங்க, நான் போகணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பெரியம்மா ஏதோ ஒரு பேச்சாகத்தான் இதைச் சொன்னார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் கடைசியாகப் பேசியதை அவருடைய மகளிடம் போய்ச் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு அவள் முகத்தில் முழிக்க என்னால் முடியாது. கேட்டுவிட்டு அவள் உள்ளே எழுந்து போய்விட்டாள். இனிப் பிள்ளையை மடுவத்துக்கு அனுப்பமாட்டாள் என்றே நினைத்தேன். கருமாதி முடிந்த மறுநாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது, அப்பா நிற்கிற அதே இடத்தில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். என் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். அவன் அழுதான். அவன் அழுகை அடங்கும் வரை நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள்.

இப்போதும் குருவி பார்க்கிறேன், குழுவில் படம் போடுகிறேன். அந்த மணியை அடித்தது சரிதான் என்று என் புத்திக்குத் தெரியும், மறுபடியும் அப்படி ஒரு காலை வந்தால் மறுபடியும் அடிப்பேன். ஆனால் பிள்ளை நன்றாக இருக்கிறான் அண்ணே என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைக்காமல் போனதை மட்டும் இன்றைக்கும் என் மனசு தாங்கவில்லை.