சும்மா நிற்கத் தெரியாத டாக்சி

கார் ரிப்பேர் தொழிலில் ஓடாத வண்டிகூடப் பரவாயில்லை. நன்றாக ஓடிவிட்டு, நிற்கும்போது ஆஃப் ஆகிற வண்டிதான் உயிரை எடுக்கும். சிக்னலில் அப்படி மாட்டி, பின்னால் பஸ் ஹாரன் அலற, வேர்க்க வேர்க்கச் சாவியைத் திருகியவரா நீங்கள்? அப்படியானால் நம் கட்சி. ப்ளஸ் டூவோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அரியமங்கலத்தில் என் அண்ணன் செந்திலின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பொறுமை எனக்குக் கிடையாது.

பாலத்தில் மானம் போனது

காதர் பாய் டாக்சி ஓட்டுகிறவர். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவரைத் தினமும் கே.கே. நகரில் அவர் நடத்தும் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிப்போவதுதான் அவருடைய நிலையான சவாரி. காவிரிப் பாலத்து நெரிசலில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோதெல்லாம் வண்டி அணைந்திருக்கிறது. பின்னால் அலறிய ஹாரன்களுக்கு மாமி காதைப் பொத்திக்கொண்டாராம்.

பாய் முகம் தொங்கிப்போய் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றார். "நாளைக்கும் இப்படி நின்னா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டாங்கம்மா."

காணாமல்போன ஸ்குரூ

பானெட்டைத் திறந்ததும் பாய் ஸ்குரூவைத் தேடினார். அவருடைய பழைய கார்புரேட்டர் வண்டியில் ஒரு திருகு திருகினால் ஐடிலிங், அதாவது காலை எடுத்த பிறகு எஞ்சின் ஓடும் வேகம், ஏறிவிடுமாம். "இது அந்தக் காலத்து வண்டி இல்ல பாய், கையை எடுங்க" என்றேன்.

காலை எடுத்தாலும் காற்று போகும் வழியிலுள்ள தகடு முழுசாக மூடாது. எஞ்சின் அணையாத அளவுக்கு ஒரு சின்ன மோட்டார் அதைத் துளி திறந்து வைத்திருக்கும். ஏசி போட்டால் எஞ்சினுக்குப் பாரம் கூடும். உடனே வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லும். இந்த வண்டியில் தகட்டைச் சுற்றிக் கரி அப்பி, காற்று போக இடமே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: "ஆக, நான் காலை எடுத்தாலும் அது கால வெச்சிருக்குன்னு சொல்லு."

சுத்தம் செய்ததும் கத்தியது

கரியைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் அலறியது. வழி சுத்தமானது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கரி இருந்தபோது திறந்த அளவுக்கே இன்னமும் திறக்கிறது. ஏசி போடாமல், பெடலைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் தானே புதுசாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் பாயால் முடியவில்லை. சத்தம் கொஞ்சம் இறங்கினாலே, அணையப்போகிறதென்று ஒரு மிதி. மறுபடி முதலிலிருந்து! நான் கத்தினேன். அவர் மறுபடி மிதித்தார்.

கடைசியில் அவரை டீக்கடைக்குத் துரத்திவிட்டு, டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் காலையும் நான் நம்பவில்லை. எஞ்சின் மெல்ல மெல்ல அடங்கியது. ஏசி போட்டேன், லேசாகத் தயங்கிவிட்டு அணையாமல் ஓடியது. அண்ணன் எட்டிப் பார்த்தான். "ஸ்கூல் பெஞ்சுல சும்மா உக்காந்த பழக்கம் இன்னிக்கித்தான்டி உதவிருக்கு."

மாமியின் தீர்ப்பு

மறுநாள் காலை நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பாலத்தில் அதே நெரிசல். வண்டி நின்றது, எஞ்சின் அணையவில்லை. பின்சீட்டிலிருந்து மாமி, "சத்தமே காணோமே, மறுபடி அணைஞ்சுடுத்தா?" என்றார். "ஓடுதுங்கம்மா, இதோ!" என்று பாய் ஓங்கி மிதித்தார். "காலை எடுங்க பாய்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாமி காதிலிருந்து கையை எடுத்தார். "நாளைக்கும் இதே வண்டியைக் கொண்டு வாங்கோ பாய், இந்தப் பொண்ணை மட்டும் அழைச்சுண்டு வராதீங்கோ."

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எஞ்சின் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பாயின் காலும் என் வாயும்தான் இன்னும் பாஸாகவில்லை.