படகா, ஊரா

ஹட்டனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் போனில் ஒரு கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, படகுல ஏறினா இவன் செத்துருவான். ஊர்லயே இருந்தா ராஜா. ரெண்டு முடிவையும் பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி படகுத்துறைக்கே திரும்பிப் போனாள். நினைத்தபோது திரும்பிப் போய் வேறு வழி தொட முடிந்த அந்த விரலைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றை அறை, முழுக்க ஈர விறகுப் புகை. அப்பா சீனியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தபடி, "கொழும்புக் கடைக்கு வேலைக்கு ஒருத்தன் போகணும். யாருடா போறீங்க?" என்றார். கூட்டிப்போக வந்த மாமா கையில் ஒரே ஒரு புதுக் கால்சட்டை இருந்தது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் "நான்" என்றேன். அதைப் போட்டுக்கொண்டு, புதுத்துணி வாசத்தோடு அண்ணன் முன்னால் நடந்தேன். அவன் சாப்பிடாமல் அழுதான்.

கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன். அந்தக் கால்சட்டை கிழிவதற்குள் வேறு கடைக்கு ஓடினேன். அந்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. அண்ணன் படித்து வாத்தியாராகிவிட்டார்.

"நீங்க ஆடுங்க சித்தப்பா." யோசிக்காமல் படகைத் தொட்டேன்.

"செத்துருவான்னு சொன்னேனே."

அண்ணன் திருத்திக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளின் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவன் அப்படித்தான். எனக்கு வந்த கால்சட்டையவே முந்திப் பிடுங்கினவன்."

முப்பது வருஷமாகியும், வாத்தியாராகியும், அன்று கால்சட்டைக்காக அழுத பொறாமை அவர் குரலில் போகவில்லை. மகளின் விரல் மறுபடி படகுத்துறைக்குப் போயிருந்தது.