வலையில் சிக்கிய ஆமை

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் அது. செஞ்சியில் என் அக்கா ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கடலுக்கடியில் மூழ்கிப் படம் எடுப்பது என் தொழில். அதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி அக்கா ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைப் பக்கத்து ஜன்னல்களைப் பழைய பெட்ஷீட்டால் மறைத்துவிட்டுப் படம் போட்டோம். பிள்ளைகளில் பாதிப் பேர் கடலையே நேரில் பார்த்ததில்லை. கடைசியாக, எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த படம். அறுந்து மிதந்த மீன்வலையில் ஒரு கடலாமை சிக்கித் தவிக்கும். பிறகு என் கை கத்தியோடு வந்து வலையை அறுக்கும். ஆமை நீந்திப் போகும். 'உயிர் பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது' என்று என் குரல் சொல்லும். எல்லாரும் கைதட்டினார்கள்.

சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆமை தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுமா என்று தயங்கிக் கேட்டார். இல்லை, மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும் என்றேன்.

"மொதல்ல நாலு காலும் அடிச்சிக்கினு இருந்துச்சி சார். நீங்க அறுக்கசொல்ல ஒரு காலுகூட ஆடல. எங்க ஆடு ஒண்ணு கயித்துல மாட்டிக்கினு அப்படித்தான் ஓஞ்சிப் போச்சி. எவ்ளோ நேரம் படம் புடிச்சிட்டு அறுத்தீங்க?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஆனால் எனக்குக் காது சுட்டது. பரிசு கொடுத்தவர்கள்கூடக் கேட்காத கேள்வி. ஒரு நிமிஷம்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஏழெட்டு நிமிடம் என்றேன். வெளிச்சம் சரியில்லையென்று அந்தப் பக்கம் நீந்திப் போய் மறுபடி எடுத்ததையும் சொன்னேன். அறுத்துவிட்ட பிறகு அது நீந்தவில்லை, நீரோட்டத்தோடு போனது. என் சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டதால் நான் மேலே வந்துவிட்டேன். படத்தில் நீந்திப் போவது வேறொரு நாள் எடுத்த வேறு ஆமை. இதைச் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

"சரி சார். தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் அந்த நீந்தும் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிட்டேன். 'இது பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது' என்று புதிதாகப் பேசிச் சேர்த்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு திருக்கை மீன் வலையில் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். கேமராவை மணலில் போட்டுவிட்டு முதலில் கத்தியை எடுத்தேன். திரும்பக் கேமராவைத் தூக்கியபோது கலங்கிய மணல் மட்டும்தான் பதிவானது.

இப்போதெல்லாம் நல்ல காட்சி ஒன்று கண்ணில் பட்டால், அதற்காக எந்த உயிர் மூச்சடக்கிக்கொண்டு காத்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.