மகன் இருந்தும்

கணபதி பகுதியில் ஒரு பம்ப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு அலைவேன். மூன்று வருடம் முன்பு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை வாயோடு சேர்த்து அழுத்தியிருந்தார். எதிரே நின்று பதினோரு படம் எடுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

ஒன்றைக் கருப்பு வெள்ளையாக்கி, 'மகன் இருந்தும்' என்று தலைப்பு வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். அவருக்கு மகன் உண்டா என்று எனக்குத் தெரியாது. படம் நன்றாக ஓடியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்த மகனைத் திட்டினார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவே பட்டறை வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் மகன். பட்டறைப் பெயர்ப்பலகை முன்னால் நான் நிற்கும் படமும் அதே பக்கத்தில் இருந்ததால், என்னைக் கண்டுபிடிக்க அவர்கள் சிரமப்படவில்லை.

"ஏனுங்க, இந்தப் படம் புடிச்சது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்குக் கடவாப்பல்லு புடுங்கிட்டு வந்தேனுங்க. மரப்பு தெளிஞ்சதும் வலி தாங்க முடியல. தலைப்புல பூரா ரத்தமுங்க. அதெங்கீங்க காணோம்?"

கருப்பு வெள்ளையில் அது நல்ல நிழலாக விழுந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"நான் எதுத்த கடையில மாத்திரை வாங்கிட்டிருந்தேனுங்க" என்றார் மகன்.

அவருக்குச் சோமனூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா யாரோ காட்டிய போனில் படத்தைப் பார்த்துவிட்டு, நிச்சயத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். பெற்றவளைத் தெருவில் விட்டவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது?

"நீங்களே வந்து சொல்லிப்போடுங்க, கண்ணு" என்றார் அம்மா.

படத்தை அங்கேயே நீக்கினேன். மறுநாள் லீவு போட்டு அவர்களோடு சோமனூர் போனேன். பெண் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பல்லுங்க! பல்லு புடுங்குனதுங்க!"

பெண்ணின் அப்பா தறியை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சத்தமில்லாத வீட்டில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

பெண் உள்ளேயிருந்து வந்து கேட்டார்: "அழுதுட்டு நின்னவங்ககிட்ட என்னாச்சுன்னு கேக்கலீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"கேட்டா அழுகையை நிறுத்திருவாங்கன்னு தோணுச்சுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. பழக்கதோஷத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டோவுக்கு ஆள் வெச்சிருக்கோமுங்க. நீங்க சாப்புட்டுப் போங்க."

சாப்பிட்டு வந்தேன். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். பாதிப்பேர் வேண்டாமுங்க என்கிறார்கள். மீதிப்பேர் சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு, விறைப்பாக நிற்கிறார்கள். படங்கள் சுமார்தான்.