மலைக்கு வலம், தெருவுக்கு இடம்

காந்தங்கள் கூரியரில் வந்த அன்று முதலில் பறிபோனது மேசைமேல் இருந்த ஊக்குகள். பொட்டலத்தைப் பிரித்ததுமே அவை கூட்டமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. அடுத்து, இரண்டு காந்தங்கள் என் கணவரின் சுண்டுவிரலை நடுவில் வைத்து ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. நான் அவற்றைப் பிரிக்க முயன்றபோது, "மெதுவா, மெதுவா, காந்தம் ஒடஞ்சிடும்" என்று அலறினார். விரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள். அவர் பணிக்காலம் முழுவதும் பிறருடைய நிலத்தை அளந்தார். நான் நூலகத்தில் பிறர் படிக்கும் நூல்களை அடுக்கினேன். திருவண்ணாமலையில், மலைக்குக் கிழக்கே ஒரு தெருவில், மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடியில் ஒரு சின்னக் காற்றாலை வைத்து, மாடிப்படிக்கு ஒரு விளக்கு எரிய வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கைப்பேசியில் காணொளி காணொளியாகப் பார்த்துத் திட்டம் தீட்டினார். மரத்தில் இறக்கைகள் செதுக்குவது அவர் பங்கு. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்குக் காயில் கட்டுவது, அதாவது கம்பிச்சுருள் சுற்றுவது, என் பங்கு. பொறுமை வேண்டிய வேலை என்பதால் அது எனக்கு வந்ததாக அவர் சொன்னார். தனக்குப் பொறுமை இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மொத்தம் ஒன்பது காயில்கள். ஒவ்வொன்றுக்கும் எண்பது சுற்று. மரக்கட்டையில் செம்புக் கம்பியை இழுத்துச் சுற்றியபடி மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். அறுபதைத் தாண்டும் வேளை பார்த்து அவர் எட்டிப் பார்ப்பார்.

"சாம்பார்ல உப்பு கம்மியா, இல்ல எனக்குத்தான் நாக்கு போச்சா?"

"அறுபத்து மூணு."

"உப்பா?"

கட்டிய அனைத்தையும் அவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

ஒன்பதும் முடிந்தபின் அவற்றைப் பலகைமேல் வட்டமாக வைத்து மும்மூன்றாக இணைத்தோம். மேலும் கீழும் காந்தம் ஒட்டிய இரும்புத் தட்டுகள். தட்டுகளை அவர் கையால் சுழற்ற, நான் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு இணைப்புகளில் ஒன்பது வோல்ட் வந்தது. மூன்றாவதில் மூன்று மட்டுமே. அவர் காந்தத்தைச் சந்தேகித்தார், கம்பியைச் சந்தேகித்தார், கம்பி விற்ற கடைக்காரரின் குணத்தையே சந்தேகித்தார். நான் என்னைச் சந்தேகித்தேன். அதுதான் சரியாக இருந்தது. ஒரு காயிலைத் தலைகீழாக வைத்திருந்தேன். வலப்பக்கமாகச் சுற்றிய காயில், புரட்டிப் போட்டால் இடப்பக்கமாகச் சுற்றியதாகிவிடும். பக்கத்துக் காயில் ஈட்டியதை இது தின்றுகொண்டிருந்தது. திருப்பி வைத்ததும் மூன்று ஒன்பதாயிற்று. காயில்கள் அசையாதபடி ரெசின் பசையை ஊற்றி இறுக விட்டோம்.

அவருடைய இறக்கைகளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மூன்றையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து அளந்து இழைத்தார். முடித்தபோது வலத் தோள் மரத்துப்போய், சீப்பைத் தலைவரை தூக்க முடியவில்லை. அந்த வாரங்களில் அவர் தலையை நான்தான் வாரிவிட்டேன். வகிடு கோணல் என்று தினமும் குறை சொன்னார்.

ஆடி மாதம் மேற்கே மலைப்பக்கமிருந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் காற்றாலையை ஏற்றினோம். காற்று அதன் வாலைத் தெருப்பக்கம் தள்ள, முகம் மலையைப் பார்த்து நின்றது. இறக்கைகள் சுழன்றன, விளக்கு எரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

சற்று நேரத்தில் வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார்.

"லைப்ரரியம்மா, இது இன்னா எடமா சுத்துது?"

எங்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வி. மின்சாரத்துக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். இந்த ஊருக்கு அப்படியில்லை.

"பௌர்ணமிக்குள்ள எறக்கிடுங்க. அன்னிக்கு ஜனமெல்லாம் நம்ம தெரு வழியாத்தான் மலை சுத்தப் போவும். ஊரே வலமா போறப்போ நம்ம வூட்டு மேல இது மட்டும் எடமா சுத்துனா, என்னைத்தானே கேப்பாங்க?"

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது. திசையை மாற்ற வேண்டுமானால் மூன்று இறக்கைகளையும் புதிதாகச் செதுக்க வேண்டும். அந்தத் தோளுக்கு இனி அது ஆகாது. இன்று இறங்கினால் இது பரணுக்குப் போகும், திரும்பி ஏறாது. என் கணவர் ஸ்பேனரை எடுத்தார். அவர் வாதாடியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

"அக்கா, உங்க ஹால் ஃபேன் எந்தப் பக்கம் சுத்துது?"

"ஃபேனா? வலமாத்தான்."

"பாத்திருக்கீங்களா?"

கீழே இறங்கிப் போனார். சுவிட்ச் விழும் ஓசையும் எழும் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"எடமாத்தான் சுத்துது! முப்பது வருஷமா அதுக்குக் கீழ படுத்துக் கெடக்கறேன், ஒருத்தரும் சொல்லலியே!"

"கழட்டிடலாமா?"

"எதுக்குக் கழட்டணும்? கீழ படுத்துப் பாத்தாதான் எடம். மேலேருந்து பாத்தா வலம். சாமி மேலேருந்துதானே பாக்குது?"

அவர் சொன்னது அவர் காதிலேயே நன்றாக விழட்டும் என்று சற்றுப் பொறுத்தேன். பிறகு அவரை மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவர் வரை அழைத்துப்போய், மலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன்.

"மலை இங்கேருந்துதான் பாக்குது அக்கா. இப்போ சொல்லுங்க."

அங்கிருந்து பார்க்க, இறக்கைகள் குற்றமற்ற வலஞ்சுழியாகச் சுழன்றன. அவர் காற்றில் விரலால் வட்டம் போட்டுப் பார்த்தார். பின்பக்கம் போய் இன்னொரு வட்டம் போட்டார். திரும்பி வந்தார்.

"நீங்க புஸ்தகம் படிச்சவங்க. என்னை ஏமாத்துறீங்களா இல்லியான்னே தெரியல."

"எனக்கும் தெரியல அக்கா."

தீர்ப்புச் சொல்லாமலே இறங்கிப் போனார். அந்த ஐந்து நாளும் என் கணவர் ஸ்பேனரைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தார்.

பௌர்ணமியன்று மாலை தெரு நிறைந்தது. நாங்கள் மாடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தோம். வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் மோரை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, அப்பிரதட்சணமா சுத்துது?"

என் கணவரின் கை ஸ்பேனருக்குப் போனது.

"நீங்க தெருவுல நின்னு பாக்குறீங்க, அப்டித்தான் தெரியும்" என்றார் வீட்டுக்கார அம்மாள். "மலையிலேருந்து பாருங்க, வலமா சுத்தும்."

விபூதிக்காரர் மலையைப் பார்த்தார், காற்றாலையைப் பார்த்தார், பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். எதைக் கும்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டுக்கார அம்மாளின் பதில் நீண்டுகொண்டே போனது. ஐந்தாவது ஆளிடம், "மலையப் பாத்தே சுத்தணும்னு நான்தான் சொல்லிச் செய்யவெச்சேன்" என்றார்.

என் கணவரின் முகம் விரிந்தது. பிறகு, நில அளவையருக்கே உரிய ஏதோ ஒரு கணக்கு உள்ளே ஓட, மெல்லச் சுருங்கியது. என் பக்கம் குனிந்தார். அவருக்கு ரகசியம் பேசவும் உரத்த குரல்தான்.

"ஏம்மா, ஐப்பசியில காத்து கெழக்கேருந்து வருமே. அப்போ இது மூஞ்சியத் தெருப்பக்கம் திருப்பிக்கும். மலைக்கு முதுகு. மலையிலேருந்து பாத்தா—"

"மெதுவாப் பேசுங்க" என்றேன். "கீழ கேக்கப் போவுது."